எடுத்துக்காட்டு எண் 43

மூன்று வாரங்களுக்கு முன் களப்பணிக்காகச் செகந்திராபாத்திலிருந்து ஆதிலாபாத் செல்லும் வண்டியில் பயணம் செய்தேன். அந்தப் பயணத்தில் நான் ஒரு பிழை செய்தேன். அதைப் பற்றியும், அதையொட்டி மொழியியல் பயில்வோருக்குள் பேசப்படவேண்டிய ஒன்றைப் பற்றியும் எழுதவேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதிவு நீளமானது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தடத்தை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. தெலங்கானாவில் புறப்பட்டுத் தெலங்கானாவிலேயே முடியும் அந்தப் பாதை, இடையில் மகாராஷ்டிரத்துக்குள் புகுந்து வெளியேறுகிறது. நிஜாமாபாத், கோதாவரிப் பாலம், பாசர், பிறகு முத்கேட், போகர், கின்வட், கடைசியில் ஆதிலாபாத். தெலுங்கு மெல்ல மராத்தியாகி மீண்டும் தெலுங்காகும். தேநீர் விற்பவர்களின் குரலை வைத்தே மாநில எல்லையைக் கண்டுகொள்ளலாம். மொழியியல் மாணவர் ஒருவர் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு உறங்கக் கூடாத தடம் என்று என் இளைய தோழர்களிடம் நான் சொல்வதுண்டு.

எதிர் இருக்கையில் ஐம்பதைக் கடந்த அம்மா ஒருவர் இருந்தார். வண்டி நகர எல்லையைத் தாண்டுமுன்பே கேட்டுவிட்டார்: "மீதி ஏ ஊரு?" உங்களுக்கு எந்த ஊர்? ஹைதராபாத் என்றேன். என் தெலுங்கைக் கேட்டபின் அவர் அதை நம்பவில்லை. "அஸலு ஊரு?" என்றார். விருத்தாசலம் என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது என்று எண்ணி, மதராஸ் பக்கம் என்றேன். விருத்தாசலத்துக்கும் சென்னைக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்கிறது. ரயிலில் அறிமுகமாகும்போது நிலவியல் சற்று வளைந்துகொடுக்கத்தான் செய்யும்.

"ஊரு" என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். தமிழிலும் தெலுங்கிலும் அந்நியரிடம் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்வி. அதிலுள்ள முதன்மையான சொல்லும் ஒன்றுதான். இந்த இடத்தில் கணியன் பூங்குன்றனாரை அழைத்துவர எல்லோருக்கும் கை அரிக்கும். நான் அழைக்கப்போவதில்லை. ஏனெனில் ஊர் எது என்ற கேள்வி எப்போதும் அவ்வளவு வெள்ளந்தியானது அன்று. "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அது தொடரும்போது கேட்பவர் தேடுவது ஊரை அன்று என்பது தமிழ்நாட்டில் பேருந்தேறிய எவருக்கும் தெரியும். அந்த அம்மாவும் இரண்டு மூன்று கேள்விகளுக்குப்பின் அங்கே வந்து சேர்ந்தார். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டார். பையைத் திறந்து சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்டினியும் எடுத்து எனக்கும் ஒரு பங்கு வைத்தார்.

மாலினோவ்ஸ்கி 1923இல் இத்தகைய பேச்சுக்கு ஒரு பெயர் வைத்தார். செய்தியைத் தெரிவிப்பதற்காக அல்லாமல், சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வை உண்டாக்குவதற்காகவே பேசப்படும் பேச்சு. வானிலை, நலம் விசாரிப்பு, எங்கே போகிறீர்கள் என்பவையெல்லாம் இதில் அடங்கும். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது, பேச்சிலேயே இது மிக மேலோட்டமான வகை என்று எண்ணியிருந்தேன். ரொட்டியோடு சேர்ந்து வந்தபோது அப்படித் தோன்றவில்லை.

இனி என் ஆய்வைப் பற்றி இரண்டு வரிகள் சொல்லவேண்டும். இல்லையென்றால் பிழை விளங்காது.

தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே. "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே. முன்னதை நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்னும். தெலுங்கில் இந்த இணை "மனம்", "மேமு" என்று வரும். உடைமை வடிவங்கள் "மன", "மா". இன்றைய பொதுக் கன்னடத்தில் இந்த வேறுபாடு மறைந்து "நாவு" ஒன்றே நிற்கிறது. இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த மராத்தியிலோ "ஆம்ஹீ", "ஆபண்" என்று அது இருக்கிறது. திராவிட மொழிகளோடு கொண்ட உறவால் வந்தது என்பது பலர் கருத்து. ஆங்கிலத்துக்கு இந்தக் கவலையே இல்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், வடக்குத் தெலங்கானாவின் எல்லைப்புறத் தெலுங்கில் இவ்விரு பன்மைகளும் வழங்கும் முறையைப் பற்றியது. (தெலுங்கு "மனம்" வேறு, வடமொழி வழியாக வந்த நம் "மனம்" வேறு. இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பது வெறும் தற்செயல். இதை வைத்துக் கவித்துவமான சொற்பிறப்பு எழுதத் துடிப்பவர்கள் தயவுசெய்து பின்னூட்டத்தில் தொடங்கவேண்டாம்.)

நிஜாமாபாத் கடந்ததும் அவர் பேச்சின் தன்மை மாறியது. கோதாவரிப் பாலத்தில் வண்டி ஏறியபோது முடிச்சிலிருந்து நாணயங்களை எடுத்து ஆற்றில் எறிந்தார். என் கையிலும் ஒன்றைத் திணித்து எறியச் சொன்னார். எறிந்தேன். அதற்குப்பின் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதமாட்டேன். தன் மகளிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு வாக்கியமே நான் எழுதத் தகாதது என்று எனக்குத் தெரிகிறது. ஆயினும் அதைச் சொல்லாமல் என் பிழையின் அளவைச் சொல்ல இயலாது.

அந்நியரிடம் மனிதர்கள் ஏன் இப்படித் திறக்கிறார்கள் என்பதற்கு ஜார்ஜ் சிம்மெல் 1908இலேயே விளக்கம் எழுதினார். நெருங்கியவர்களிடம் மறைக்கப்படுவது, நாளை இங்கே இருக்கமாட்டார் என்ற காரணத்தாலேயே வழிப்போக்கரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. அந்த வழிப்போக்கரின் கையில் குறிப்பேடு இருந்தால் என்னவாகும் என்பது என் கேள்வி.

என் கையில் இருந்தது. அவர் புகுந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "மா" என்றார். அது எதிர்பார்க்கக்கூடியது. நான் அந்த வீட்டைச் சேர்ந்தவள் அல்லள். ஆனால் ஓரிடத்தில் "மன ஆடோள்ளு" என்றார். நம் பெண்கள், நம்மைப் போன்ற பெண்கள். சாதி கேட்டு விடை கிடைக்காத இடத்தில், வேறொரு வகையைத் தேடி எடுத்து என்னை அதற்குள் உட்காரவைத்துவிட்டார். அதன்பிறகு வந்த ஒரு வாக்கியத்தில் "மேமு" என்று தொடங்கி நடுவிலேயே "மனம்" என்று மாறினார். பேசும் ஒருவர், பேச்சின் போக்கிலேயே, கேட்பவரை வெளியிலிருந்து உள்ளே அழைக்கும் கணம் அது. இரண்டாண்டுகளாக நான் பதிவு செய்த உரையாடல்களில் இவ்வளவு தெளிவாக ஒன்று கிடைத்ததில்லை. தலையை அசைத்துக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன். ஏற்கெனவே முறையாகத் திரட்டியவை 42. இதற்கு 43 என்று எண்ணும் இட்டேன்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம் ராஸ்துன்னவ் பிட்டா?" என்ன எழுதுகிறாய், பிள்ளை?

"ஆஃபீஸ் பனி" என்றேன். அலுவலக வேலை.

இதுதான் நான் செய்த பிழை. இதைப் பெரிதாக்குகிறேன் என்று சிலர் சொல்வீர்கள். திரும்பி வந்து துறையில் பேசியபோதும் அதையே கேட்டேன். பெயர் எழுதவில்லை, ஒலிப்பதிவு செய்யவில்லை, பொது இடம், ஒரே ஒரு வாக்கியம். இலக்கண நூல்களில் உள்ள நல்ல எடுத்துக்காட்டுகள் பலவும் இப்படிக் காற்றுவாக்கில் கிடைத்தவைதாம் என்றார் ஒருவர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மொழியியல் அமெரிக்காவில் சமூகத்தின் பக்கம் திரும்பிய கதையே அந்நியர்களிடம் பெற்ற தரவில் தொடங்குகிறது. 1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குள் நுழைந்தார். நான்காம் தளத்தில் உள்ள ஒரு பொருளைக் கேட்டு, "நான்காம் தளம்" என்று பணியாளர்களைச் சொல்லவைத்தார். கேட்காததுபோல் பாவனை செய்து இன்னொரு முறை சொல்லவைத்தார். நகர்ந்து போய் ரகர ஒலியின் உச்சரிப்பைக் குறித்துக்கொண்டார். 264 பேர். ஒருவருக்கும் தாம் ஆய்வுக்கு உட்பட்டது தெரியாது. இதை நான் முதலாண்டு மாணவர்களுக்கு மிகுந்த உற்சாகத்தோடு நடத்தியிருக்கிறேன். இனியும் நடத்துவேன்.

ஆனால் அந்தப் பணியாளர்கள் லபோவுக்குக் கொடுத்தது ஒரு வழி. வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் கொடுப்பது. அவருக்கென்று எதையும் பகிரவில்லை. என் எதிரே இருந்தவர் பகிர்ந்தார். மேலும் அங்கே யாரும் "என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்ட அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால், ஒன்று அவர் சிரித்திருப்பார், அல்லது மௌனமாகியிருப்பார். இரண்டில் எதுவாயினும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். மௌனமாகிவிடுவார் என்று நான் அஞ்சினேன். தரவு நின்றுவிடும் என்று அஞ்சினேன் என்பதே சரியான வாக்கியம்.

பொய் சொல்வதே தவறு என்று நான் வாதிடவில்லை. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் அந்நியரிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறோம். இறங்கும் நிலையத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இல்லாத அண்ணன் நிலையத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கச்சிகூடா நிலையத்தில் ஒருமுறை தமிழே தெரியாதவள்போல் நின்றிருக்கிறேன், அதுவும் தமிழில் பேசிய ஒருவரிடம். அவையெல்லாம் என்னைக் காத்துக்கொள்ளச் சொன்னவை. அந்த அம்மாவிடமிருந்து என்னைக் காத்துக்கொள்ள எதுவுமில்லை. அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதற்காகச் சொன்ன பொய் அது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது மொழியின் வறுமை.

மாற்று என்ன? ஒப்புதல் படிவத்தை நீட்டிவிட்டுத்தான் ரொட்டியை வாங்கவேண்டுமா? இல்லை. அப்படிச் செய்தால் பயணமே களமாகிவிடும், நாமும் எந்நேரமும் வேலையில் இருப்பவர்களாகிவிடுவோம். ஆய்வு மாணவர்களாகிய நமக்கு இந்த நோய் ஏற்கெனவே இருக்கிறது. திருமண வீட்டில் சொல் திரட்டுகிறோம், இழவு வீட்டில் ஒப்பாரியின் யாப்பைக் கவனிக்கிறோம். என் நிலைப்பாடு எளியது: களத்துக்குப் போகும் வழியில் கிடைப்பவர் களம் அல்லர். அவர் சொன்னதில் ஒன்று நமக்குத் தேவைப்பட்டால், எடுப்பதற்குமுன் கேட்கவேண்டும். கேட்கத் துணிவில்லாவிட்டால் விட்டுவிடவேண்டும். எடுத்தபின் கேட்பது ஒப்புதல் ஆகாது.

கேட்டுப் பெறுவது முடியாத காரியமும் அன்று. இதே ஹைதராபாத்தில், உஸ்மானியாவின் மொழியியல் துறையைக் கட்டியெழுப்பிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்கு வேளாண் தொழிற்சொற்களைத் திரட்டி 1962இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். ஏரின் உறுப்புகளுக்கு, விதைப்புக்கு, களத்துமேட்டுக்கு வட்டாரந்தோறும் என்ன சொல் என்று உழவரிடம் நேராகக் கேட்டுத் தொகுத்தது. கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பது சொல்பவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு உங்கள் பக்கம் என்ன பெயர் என்று கேட்டால் எந்த உழவரும் கைவேலையை நிறுத்திவிட்டு விளக்குவார் என்பதை என் குறுகிய களப்பணியிலேயே கண்டிருக்கிறேன். தம் அறிவைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்பதில் மனிதர்களுக்கு உள்ள மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. அது நீண்டது. நான் சென்ற பகுதியில், ஜைனூர் அருகே மார்லவாய் என்னும் கோண்டு ஊர் இருக்கிறது. ஆஸ்திரிய மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்ஹைமன்டார்ஃபும் அவர் மனைவி பெட்டி எலிசபெத்தும் 1940களில் அங்கே வாழ்ந்தார்கள். பெட்டி 1987இல் ஹைதராபாத்தில் காலமானபோது அவரை மார்லவாயிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் மறைந்த நாளில் இன்றும் ஊரார் அங்கே கூடி நினைவுகூர்கிறார்கள். இதைக் கேட்டதும் நெகிழ்ந்துபோவது எளிது, நானும் நெகிழ்ந்தேன். ஆனால் அந்த உறவு எப்படித் தொடங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. 1940இல் ஜோடேகாட்டில் குமுரம் பீம் கொல்லப்பட்டபின், கோண்டுகள் ஏன் கிளர்ந்தார்கள் என்று அறிய நிஜாம் அரசு விரும்பியது. அந்த அரசின் ஆதரவோடு வந்தவர்தான் ஹைமன்டார்ஃப். அரசின் ஆளாக வந்தவரை ஊர் தன்னவராக ஏற்றுக்கொண்டது ஒரே பயணத்தில் நடந்ததன்று. ஆண்டுக்கணக்கில் தங்கினார், நிலவுரிமைக்காக வாதாடினார், பள்ளிகள் தொடங்கத் துணைநின்றார், பிறகும் திரும்பத் திரும்ப வந்தார். ஆறு மணி நேரப் பயணத்தில் ஒருவர் சொல்லும் "மனம்" வேறு வகை. வண்டி நிற்கும்வரை செல்லும் அனுமதிச் சீட்டு அது.

அந்தச் சொல்லின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. தெலுங்கில் "மனோள்ளு" என்றால் நம்மவர்கள். அது பல வேளைகளில் நம் சாதிக்காரர்கள் என்றே பொருள்படும். தமிழின் "நம்மாளு" அப்படியே. அலுவலகங்களிலும், தேர்வுக் குழுக்களிலும், ஏன், விடுதிகளிலும் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதை இதைப் படிப்பவர்களில் பலர் தம் உடம்பில் அறிந்தவர்கள். உளப்படுத்தும் பன்மையே மிகக் கடுமையாக விலக்கும் பன்மையாகவும் இருக்கிறது. என் மூன்றாம் இயலின் வாதமும் ஏறத்தாழ இதுதான். அப்படியிருக்க, சாதி தெரியாத ஒருத்தியை நோக்கி, தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு "மனம்" என்று சொன்ன அந்த வாக்கியம் என் ஆய்வுக்கு எவ்வளவு தேவையானது என்பதை நீங்கள் உணர்வீர்கள். அதை விடுவது எனக்கு எளிதாக இல்லை. இன்றும் இல்லை.

இந்தப் பதிவே அவரைப் பயன்படுத்துவதாகாதா என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே மேற்கோள் காட்டிய தொடர்கள் தெலங்கானாவில் எந்த வீட்டிலும் எந்த நாளும் கேட்பவை. 43ஆம் வாக்கியம் இங்கே இல்லை. இந்த விடை முழுமையானதன்று என்பதும் எனக்குத் தெரியும்.

முத்கேட் சந்திப்பில் வண்டி நெடுநேரம் நின்றது. இரண்டு தேநீர் வாங்கினேன். அவர் மறுபடியும் பேசினார், ஆனால் பழையபடி அன்று. என் பொய்யை அவர் கண்டுகொண்டாரா, அல்லது சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. குறிப்பேட்டைப் பையில் வைத்திருந்தேன். விருத்தாசலத்தைப் பற்றிக் கேட்டார். இம்முறை மதராஸ் என்று சுருக்காமல், மணிமுத்தாற்றில் பெரும்பாலும் நீர் இராது என்பதையும், சந்திப்பு நிலையத்தின் நடைமேடைகளையும், அம்மா போடும் முந்திரிக்கொத்தையும் என் அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். அவர் எனக்குச் சொன்னதற்கு ஈடாக நான் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இறங்கும் முன் "போயொஸ்தா பிட்டா" என்றார். நம் "போய்வருகிறேன்" போன்றதே. பிறகு வாசலருகே நின்று, ஊரின் பெயரைச் சொல்லி, "மா இண்டிகி ரா" என்றார். எங்கள் வீட்டுக்கு வா. "மன" இல்லை, "மா". இலக்கணப்படி சரிதான். வெளியே இருப்பவரைத்தானே வீட்டுக்கு அழைக்க முடியும்.

உட்னூரில் பத்து நாட்கள் இருந்தேன். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, எதற்கு வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லி, பதினான்கு பேரிடம் பேசினேன். "மேமு" நிறையக் கிடைத்தது. "மனம்" சிலமுறை. நடுவாக்கியத்தில் மாறிய ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சென்ற திங்கட்கிழமை இயலின் வரைவை நெறியாளரிடம் கொடுத்தேன். 42க்குப்பின் 44 வருகிறதே, எண் தவறிவிட்டதா என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்திருக்கிறார்.

அடுத்த மாதம் மீண்டும் அதே வண்டியில் போகிறேன்.